லோட்டஸ் 72: ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் மடித்து வைத்த விபத்து வரலாறு

1/
இன்றைக்கு சுகர், பிரஷர், கொலஸ்ட்ரால் எதுவும் இல்லை. ஒரு பொம்மைக் காரைப் பற்றிப் பேசப் போகிறோம். பொம்மை என்றால் சாவி கொடுத்து ஓட்டுவது இல்லை. நூற்றுக்கணக்கான துண்டுகளாகப் பெட்டியில் வரும், நாமே வெட்டி, தேய்த்து, வர்ணம் அடித்து, ஒட்டிச் சேர்க்க வேண்டிய மாடல் கிட். கார் பெயர் லோட்டஸ் 72. கொஞ்சம் நீளமான திரெட். கடைசி வரை வாருங்கள், உங்கள் வீட்டுக்குத் தேவையான ஒரு விஷயம் அங்கே இருக்கிறது.

2/
முதலில் இந்தப் பெட்டி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஜப்பானில் ஷிசுவோகா என்ற ஊர். அங்கே 1946ல் மரம் அறுக்கும் தொழிலாகத் தொடங்கிய குடும்ப நிறுவனம் தாமியா. பிறகு மரத்தில் மாடல்கள் செய்தார்கள். 1960ல் யமாட்டோ போர்க்கப்பலோடு பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். 1967ல் ஹோண்டாவின் ஃபார்முலா ஒன் காரை 12ல் ஒரு பங்கு அளவில் கொண்டு வந்தார்கள். அதே அளவில் பின்னாளில் வந்ததுதான் நம்ம லோட்டஸ் 72டி.

3/
இவர்களுடைய பிடிவாதத்துக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். 1970களில் ஒரு போர்ஷே காரை மாடலாகச் செய்ய நினைத்தபோது, அளவெல்லாம் சரியாகக் கிடைக்க நிஜமான போர்ஷே 911 காரையே விலை கொடுத்து வாங்கி, ஆணி ஆணியாகக் கழற்றிப் பார்த்தார்கள். எம்.பி.பி.எஸ். முதல் வருஷம் அனாடமி ஹாலில் நாங்கள் செய்வதும் அதேதான். உள்ளே என்ன இருக்கிறது, எது எதோடு சேர்ந்திருக்கிறது என்று தெரியாமல் எதையும் திருப்பிக் கட்ட முடியாது.

4/
12ல் ஒரு பங்கு என்றால் என்ன? நிஜத்தில் நாலு மீட்டருக்குக் கொஞ்சம் அதிகமான கார், மேசை மேல் சுமார் 35 சென்டிமீட்டர் இருக்கும். பள்ளிக்கூடத்து ஸ்கேலை விட நீளம். நிஜ சீட் பெல்ட் மூன்று அங்குல அகலம் என்றால், இங்கே சுமார் 6 மில்லிமீட்டர். அந்த 6 மில்லிமீட்டர் பட்டையை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள். கதையே அதில்தான்.

5/
கிட்டில் பலருக்கும் பிடித்த பகுதி எஞ்சின். காஸ்வொர்த் டிஎஃப்வி. மூன்று லிட்டர், எட்டு சிலிண்டர். கீத் டக்வொர்த் வடிவமைக்க, ஃபோர்டு பணம் கொடுத்தது. 1967ல் நெதர்லாந்தின் ஸாண்ட்வூர்ட் பந்தயத்தில் ஜிம் கிளார்க் ஓட்டிய லோட்டஸ் 49ல் முதன்முறையாக இறங்கி, இறங்கிய அன்றே ஜெயித்தது. மொத்தம் 155 கிராண்ட் பிரீ வெற்றிகள். இந்த எஞ்சின் காருக்குள்ளே உட்காருவது இல்லை. காரின் பின்பாதியே இதுதான். முன்பக்கம் ஓட்டுநர் உட்காரும் கூடு, அதன் முதுகில் நேராக எஞ்சின், எஞ்சினில் கியர் பாக்ஸ், பின் சக்கரங்கள். நம்ம முதுகெலும்பு மாதிரி, பாரம் முழுக்க அது வழியாகத்தான் போகும்.

6/
அடுத்து உடம்பு. அதுவரை பந்தயக் கார் என்றால் சுருட்டு வடிவம், மூக்கில் ரேடியேட்டர். காலின் சாப்மனும் மாரிஸ் ஃபிலிப்பும் இந்தக் காரை ஆப்பு வடிவத்தில் செதுக்கினார்கள். ரேடியேட்டரை இரண்டாக்கி ஓட்டுநரின் இரு பக்கத்துக்கும் தள்ளினார்கள். மூக்கு கூர்மையாகி, காற்றைக் கிழித்துக்கொண்டு போனது. 1970ல் வந்த கார் 1975 வரை ஓடியது. 20 கிராண்ட் பிரீ வெற்றிகள், ஓட்டுநருக்கான உலகப் பட்டம் இரண்டு, அணிக்கான பட்டம் மூன்று. இன்று வரை பந்தயக் கார்கள் பக்கவாட்டில் மூச்சு விடுவது இந்த வழியில்தான்.

7/
எஞ்சினை ஓரமாக வைத்துவிட்டு ஓட்டுநர் உட்காரும் கூட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். நிஜத்தில் அது மெல்லிய அலுமினியத் தகடு. நடுவில் மனுஷன். அவன் இடப்பக்கம் பெட்ரோல், வலப்பக்கம் பெட்ரோல், முதுகுக்குப் பின்னாலும் பெட்ரோல். கால்கள் முன் சக்கரங்கள் வரை நீண்டு கிடக்கும். மூக்கில் முட்டினால் முதலில் அடி வாங்குவது பாதம். பக்கத்தில் முட்டினால் கிழிவது டேங்க். மொத்த எடை ஐநூற்று சொச்சம் கிலோ. நம் ஊரில் ஓடும் சின்னக் காரை விட இலேசு.

8/
அந்தக் காலத்து ஓட்டுநர்கள் எதற்குப் பயந்தார்கள்? மோதலுக்கு இல்லை, தீக்கு. 1967ல் மொனாக்கோவில் லோரென்சோ பண்டினி எரியும் காரில் சிக்கி, மூன்று நாள் கழித்து இறந்தார். 1968ல் பிரான்ஸில் ஜோ ஷ்லெஸ்ஸர். 1970 ஜூனில் ஸாண்ட்வூர்ட்டில் பியர்ஸ் கரேஜ். தூக்கி எறியப்பட்டால் பிழைக்க ஒரு வாய்ப்பு உண்டு, பெல்ட் போட்டுச் சிக்கிக்கொண்டால் எரிந்து சாக வேண்டியதுதான் என்பது அவர்களிடம் ஊறிப் போன நம்பிக்கை. இன்றைக்கும் "பெல்ட் போட்டா ஆத்துல கார் விழுந்தா எப்படி வெளிய வர்றது?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்களே, அதே பயம்தான்.

9/
பயத்துக்குக் காரணமும் இருந்தது. 1966, பெல்ஜியத்தின் ஸ்பா. முதல் சுற்றிலேயே மழை. ஜாக்கி ஸ்டூவர்ட்டின் கார் தடம் விலகி நொறுங்கியது. ஸ்டீயரிங் அமுக்கியதில் வெளியே வர முடியவில்லை. உடம்பெல்லாம் பெட்ரோல். மீட்க ஆள் இல்லை, கருவி இல்லை. சக ஓட்டுநர்கள் கிரஹாம் ஹில்லும் பாப் பாண்டுரன்ட்டும் பார்வையாளர் ஒருவரிடம் ஸ்பேனர் வாங்கி ஸ்டீயரிங்கைக் கழற்றி அவரை எடுத்தார்கள். முதலுதவி அறையின் தரையில் சிகரெட் துண்டுகள் கிடந்தன. ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட ஆம்புலன்ஸ் வழி தவறியது. அதற்குப் பிறகு தன் காரிலேயே ஒரு ஸ்பேனரை டேப் போட்டு ஒட்டி வைத்துக்கொண்டுதான் ஸ்டூவர்ட் ஓட்டினார். உலகத்திலேயே வேகமான ஓட்டுநர்களில் ஒருவருக்கு இருந்த அவசர சிகிச்சை ஏற்பாடு அந்த ஸ்பேனர்தான்.

10/
இப்போது நம்ம காரின் நாயகன். ஜோஹன் ரிண்ட். 1942ல் ஜெர்மனியில் பிறந்தவர். உலகப் போரின் குண்டுவீச்சில் அப்பா அம்மா இருவரும் போனார்கள். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் தாத்தா பாட்டி வளர்த்தார்கள். 1970ல் வரிசையாக ஜெயிக்கிறார். மொனாக்கோ பழைய லோட்டஸ் 49ல். நெதர்லாந்து, பிரான்ஸ், பிரிட்டன், ஜெர்மனி நான்கும் லோட்டஸ் 72ல். அதில் நெதர்லாந்து வெற்றி எந்த நாள் தெரியுமா? நண்பன் பியர்ஸ் கரேஜ் எரிந்து இறந்த அதே பந்தயம்.

11/
திரும்ப கிட்டுக்கு வருவோம். முன் சக்கரங்களை மாட்டும் கட்டத்தில் ஒரு சின்னத் தண்டு வரும். சாதாரணக் காரில் பிரேக் டிஸ்க் சக்கரத்துக்குள்ளேயே இருக்கும். லோட்டஸ் 72ல் டிஸ்க்கை உடம்புக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். சக்கரத்தின் பாரம் குறைந்தால் அது சாலையை விடாமல் பிடிக்கும் என்பது கணக்கு. அருமையான கணக்குதான். ஆனால் உள்ளே இருக்கும் டிஸ்க்குக்கும் வெளியே இருக்கும் சக்கரத்துக்கும் இடையில் இணைப்பு வேண்டுமே? அதுதான் இந்தத் தண்டு. பிரேக்கை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அதை முறுக்குகிற விசை மொத்தமும் அதன் மேல். மூன்று வாரம் முன்புதான் ஆஸ்திரியாவில் சக அணி ஓட்டுநர் ஜான் மைல்ஸின் காரில் அந்த முன் தண்டு உடைந்திருந்தது. அவர் தப்பித்தார்.

12/
1970 செப்டம்பர் 5, சனிக்கிழமை. இத்தாலியின் மோன்ஸா. மறுநாள் பந்தயம், இன்று பயிற்சி. நேர்ச்சாலையில் வேகம் கூட வேண்டும் என்று காரின் இறக்கைகளைக் கழற்றியிருந்தார்கள். பாரபோலிகா வளைவுக்காக பிரேக் பிடிக்கும் இடத்தில் கார் ஆடி, இடப்பக்கம் பாய்ந்து, இரும்புத் தடுப்பில் மோதி, முன்பாதி பிய்ந்து போனது. தீப்பிடிக்கவில்லை. ஆம், எதற்குப் பயந்தாரோ அது நடக்கவே இல்லை.

13/
இப்போது அந்த 6 மில்லிமீட்டர் பட்டை. ரிண்ட் பெல்ட் போட்டிருந்தார். ஆனால் முழுதாகப் போடவில்லை. தோள் பட்டை, இடுப்புப் பட்டை மாட்டியிருந்தார். தொடைகளுக்கு நடுவே வந்து எல்லாவற்றையும் கீழே இழுத்துப் பிடிக்கும் பட்டையை மாட்டவில்லை. தீப்பிடித்தால் சட்டென்று வெளியே வர வேண்டும் என்று அவர் அதை எப்போதும் விட்டுவிடுவார். மோதிய வேகத்தில் உடம்பு இடுப்புப் பட்டைக்கு அடியில் முன்னோக்கிச் சறுக்கியது. பெல்ட்டின் கொக்கி கழுத்துக்கு வந்தது. மிலான் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போனது. வயது 28.

14/
இந்தச் சறுக்கலுக்கு மருத்துவத்திலும் வாகனப் பொறியியலிலும் பெயரே உண்டு: சப்மரைனிங். நீர்மூழ்கிக் கப்பல் மாதிரி உடம்பு பெல்ட்டுக்கு அடியில் முங்கிப் போவது. பெல்ட் பிடிக்க வேண்டியது இடுப்பு எலும்பை. அது கெட்டியான எலும்பு, அடியைத் தாங்கும். பெல்ட் நழுவி வயிற்றுக்கு ஏறினால் குடல், மண்ணீரல், கல்லீரல். கழுத்துக்கு ஏறினால் மூச்சுக்குழாய், ரத்தக்குழாய். பெல்ட்டே ஆயுதமாக மாறுகிறது. தப்பு பெல்ட்டின் மேல் இல்லை, அரைகுறையாகப் போட்டதில்.

15/
அந்த வருஷம் மிச்சம் இருந்த பந்தயங்களில் ஃபெராரியின் ஜாக்கி இக்ஸ் விரட்டி வந்தார். ஆனால் அமெரிக்கப் பந்தயத்தில் ரிண்ட்டின் அணிக்கு வந்திருந்த இளம் பிரேசில்காரர் எமர்சன் ஃபிட்டிபால்டி, அதே லோட்டஸ் 72ல் ஜெயித்து அந்தக் கணக்கை முடித்து வைத்தார். ரிண்ட் 45 புள்ளி, இக்ஸ் 40. இறந்த பிறகு உலக சாம்பியன் ஆன ஒரே ஃபார்முலா ஒன் ஓட்டுநர் ரிண்ட்தான். கோப்பையை மனைவி நீனா வாங்கிக்கொண்டார். கொடுத்தவர் ஜாக்கி ஸ்டூவர்ட்.

16/
இத்தாலியில் விசாரணை நடந்தது. விபத்தைத் தொடங்கியது வலது முன் பிரேக் தண்டு உடைந்தது. ஆனால் உயிரைப் பறித்தது சரியாகப் பொருத்தப்படாத இரும்புத் தடுப்பு என்று சொன்னார்கள். கவனியுங்கள்: தண்டு ஒரு காரணம், தடுப்பு ஒரு காரணம், மாட்டாத பட்டை ஒரு காரணம். எமர்ஜென்சி வார்டுக்கு வரும் பெரிய விபத்துகளிலும் இப்படித்தான், ஒற்றைக் காரணம் அபூர்வம். மூன்று நான்கு ஓட்டைகள் ஒரே நேர்க்கோட்டில் வரும்போது மரணம் உள்ளே நுழைகிறது. அதில் ஒரே ஒரு ஓட்டையை அடைத்திருந்தாலும் மனுஷன் பிழைத்திருக்கலாம். நம் கையில் இருக்கும் ஓட்டை எது என்பதுதான் கேள்வி.

17/
மாடலில் கடைசியாக ஒட்டுவது ஸ்டிக்கர்கள். தண்ணீரில் ஊற வைத்து நழுவ விடும் மெல்லிய தாள், மாடல் கட்டுபவர்கள் டீகால் என்பார்கள். லோட்டஸ் 72 முதலில் சிவப்பு, வெள்ளை, தங்கம். 1972 முதல் கருப்பு, தங்கம். ரொம்ப அழகு. ஆனால் அந்த அழகு என்ன? இரண்டுமே சிகரெட் பெட்டியின் நிறங்கள். 1965ல் பிரிட்டனில் டிவியில் சிகரெட் விளம்பரத்தைத் தடை செய்தார்கள். கம்பெனிகள் வேறு வாசல் தேடின. 1968ல் லோட்டஸ் தன் பச்சை நிறத்தை விட்டு சிகரெட் நிறத்துக்கு மாறியது. கார் டிவியில் வந்தால் சிகரெட்டும் டிவியில் வந்த மாதிரிதானே?

18/
இதில் எனக்குப் பெரிய உறுத்தல் ஒன்று. நிஜக் காரில் இருப்பது மாடலிலும் இருக்க வேண்டும் அல்லவா? அதனால் சிகரெட் பெயர் பத்து வயசுப் பையனின் மேசைக்கே வந்து சேர்ந்தது. அவனே தன் கையால், ரொம்ப அக்கறையாக ஒட்டினான். நம் நாட்டில் 1996 உலகக் கோப்பை கிரிக்கெட்டே ஒரு சிகரெட் பெயரில் நடந்தது என்பதை மறந்திருக்க மாட்டீர்கள். இந்தியாவில் 2003 சட்டமும், ஐரோப்பாவில் 2005ல் அமலான தடையும் இந்த வாசலை மூடின. இப்போது மறுபடி வரும் பல பழைய கிட்களில் சிகரெட் பெயர்கள் இருப்பது இல்லை. ஓட்டுநரைத் தீயிலிருந்து காப்பாற்றப் போராடிய அதே விளையாட்டு, பார்த்துக்கொண்டிருந்த லட்சக்கணக்கான பேர் கையில் ஒரு தீயைக் கொடுத்தது.

19/
கருப்புத் தங்க லோட்டஸ் 72ஐ 1973 முதல் ஓட்டியவர்களில் ஒருவர் ஸ்வீடன்காரர் ரோனி பீட்டர்சன். 1973, 1974 இரண்டு வருஷமும் அதே மோன்ஸாவில் இதே காரில் ஜெயித்தார். 1978 செப்டம்பர் 10, மறுபடி மோன்ஸா. புறப்பட்ட சில நொடிகளில் பல கார்கள் மோதின. அவர் ஓட்டிய லோட்டஸ் 78 தடுப்பில் இடித்துத் தீப்பிடித்தது. ஜேம்ஸ் ஹன்ட்டும் மற்ற ஓட்டுநர்களும் ஓடிப்போய் அவரை வெளியே இழுத்தார்கள். தீக்காயம் பெரிதில்லை. நினைவோடு இருந்தார். கால்களில்தான் எலும்பு முறிவுகள். ஆம்புலன்ஸ் வர நிமிடங்கள் போய்க்கொண்டே இருந்தன. அன்று இரவு அறுவை சிகிச்சை. மறுநாள் காலை இறந்துவிட்டார்.

20/
"கால் உடைஞ்சதுக்கு உயிர் போகுமா?" என்று கேட்பீர்கள். போகும். தொடை எலும்பு போன்ற பெரிய எலும்புகளின் உள்ளே மஜ்ஜை, அதில் கொழுப்பு. எலும்பு பல இடங்களில் நொறுங்கும்போது அந்தக் கொழுப்புத் துளிகள் ரத்தத்தில் கலந்து நுரையீரல், மூளை, சிறுநீரகத்தின் நுண்ணிய குழாய்களை அடைக்கலாம். இதை ஃபேட் எம்பாலிசம் என்போம். விபத்தான உடனே நன்றாகப் பேசிக்கொண்டிருப்பவர், சில மணி நேரங்களில் மூச்சுத் திணறி மயங்குவார். அதனால்தான் உடைந்த காலை அசைக்காமல் கட்டை வைத்துக் கட்டுங்கள், சீக்கிரம் கொண்டு வாருங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொள்கிறோம்.

21/
அன்று அந்த இடத்துக்கு ஓடி வந்த ஒரு டாக்டரை போலீஸ் வளையம் உள்ளே விடவில்லை. அவர் சிட் வாட்கின்ஸ், லண்டனைச் சேர்ந்த நரம்பியல் அறுவை நிபுணர். அந்த வருஷம்தான் ஃபார்முலா ஒன் அவரைத் தலைமை மருத்துவராக அழைத்து வந்திருந்தது. மோன்ஸாவுக்குப் பிறகு அவர் நிபந்தனைகள் வைத்தார். ஒவ்வொரு பந்தயத்திலும் மயக்க மருந்து நிபுணர் இருக்க வேண்டும், ஹெலிகாப்டர் தயாராக நிற்க வேண்டும், முதல் சுற்றில் கார்களுக்குப் பின்னாலேயே டாக்டர் உட்கார்ந்த மெடிக்கல் கார் போக வேண்டும். இன்று டிவியில் பார்க்கிறீர்களே, பந்தயம் தொடங்கியதும் கடைசியாக ஒரு கார் பின்னால் பறந்து போகுமே, அது பீட்டர்சன் விட்டுப்போன கார்.

22/
ஆறு முனை பெல்ட் 1972ல் கட்டாயமானது. டேங்குகள் ரப்பர் பைகளாக மாறின. மோதலில் தலை தனியாக முன்னே பறக்காமல் பிடிக்கும் ஹான்ஸ் கழுத்துக் காப்பு 2003ல், தலைக்கு மேல் ஹாலோ வளையம் 2018ல் கட்டாயமாயின. ஓட்டுநர்களின் தைரியம் அன்றும் இன்றும் ஒன்றுதான். மாறியது சட்டம், கருவி, மருத்துவ ஏற்பாடு, பழக்கம். 2020ல் பஹ்ரைனில் ரோமான் குரோஜான் கார் இரண்டாகப் பிளந்து தீப்பந்தாக எரிந்தபோது, அவர் கைகளில் தீக்காயத்தோடு நடந்து வெளியே வந்தார். கை கொடுத்தவர்களில் மெடிக்கல் காரில் பின்னாலேயே வந்த டாக்டரும் ஒருவர்.

23/
சரி, இதற்கும் நமக்கும் என்ன? நாளை காலை எந்த சிக்னலிலாவது நின்று பாருங்கள். ஹெல்மெட் போட்டிருப்பார்கள், தாடைக்குக் கீழ் பட்டை தொங்கிக்கொண்டிருக்கும். அதுதான் ரிண்ட் மாட்டாமல் விட்ட பட்டை. விழும்போது முதலில் கழன்று பறப்பது அந்த ஹெல்மெட். தலை அதன் பிறகு வெறுமனே தார் ரோட்டில் மோதும். மோட்டார் வாகனச் சட்டம் 129வது பிரிவு "ஹெல்மெட் போடு" என்பதோடு நிற்கவில்லை. பட்டையால் தலையோடு இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. போலீஸுக்காகத் தலையில் வைப்பதற்குப் பெயர் ஹெல்மெட் இல்லை, தொப்பி.

24/
காரில் இடுப்புப் பட்டை தொப்பைக்கு மேல் போகக் கூடாது. தொப்பைக்குக் கீழே, இடுப்பு எலும்பின் மேல் படிய வேண்டும். கர்ப்பிணிகளும் அப்படியே: வயிற்றுக்கு அடியில் இடுப்புப் பட்டை, மார்புகளுக்கு நடுவே தோள் பட்டை. தோள் பட்டையை அக்குளுக்குக் கீழே விட்டு உட்காராதீர்கள். பின் சீட்டில் இருப்பவர்களுக்கும் பெல்ட் உண்டு. சத்தம் வருகிறது என்று கொக்கியை மட்டும் சொருகிவிட்டு அதன் மேல் உட்காருவது காருக்குப் பொய் சொல்வது. மோதும்போது கார் அதை நம்பாது.

25/
பிள்ளைகளுக்கு கிட் வாங்கிக் கொடுக்கப் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. தின்னரும் ஸ்ப்ரே பெயின்ட்டும் ஜன்னல் திறந்த அறையில் மட்டும். கத்தியை எப்போதும் உடம்புக்கு வெளிப்பக்கமாக நகர்த்தட்டும், பக்கத்தில் பெரியவர் இருக்கட்டும். சூப்பர் க்ளூ விரலில் ஒட்டினால் இழுத்துப் பிய்க்க வேண்டாம், வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊற வையுங்கள். கண்ணில் பட்டால் தேய்க்காமல் தண்ணீர் விட்டுக் கழுவி, நேராக கண் மருத்துவர்.

26/
காக்பிட் கட்டும் நாளில் அந்த 6 மில்லிமீட்டர் பட்டைகளை ஒட்டும்போது, எது எதைப் பிடிக்கிறது, நடுப்பட்டை ஏன் இருக்கிறது என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். ரிண்ட் யார் என்றும் சொல்லுங்கள். அதைக் கேட்ட பிள்ளை, அடுத்த முறை உங்கள் வண்டியில் ஏறும்போது "அப்பா, பட்டையை மாட்டலையே" என்று கேட்கும். கேட்டால் கோபப்படாமல் மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

வீட்டில் வண்டி ஓட்டும் ஒருவருக்காவது இதை அனுப்புங்கள்.